உறுமல் கேட்டால் உடனே பெட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகள் திறந்ததிலிருந்து நரம்புத் துடிப்பைப் பெருக்கித் திரையிலும் ஸ்பீக்கரிலும் தருகிற எங்கள் கிட் பற்றி ஒரே மாதிரி தொலைபேசி அழைப்புகள்தான். "நரம்பு சிக்னல் கிட் வாங்கினோம், சோல்டர் எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்தோம். ஆனால் திரை முழுக்கப் பெரிய அலை ஓடுகிறது, ஸ்பீக்கர் உறுமுகிறது. பெட்டி பழுது போல." திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கோளாறும் இல்லை. அந்த உறுமல் உங்கள் ஆய்வகத்துச் சுவரிலிருந்து வருகிறது.

கணக்கைப் பாருங்கள். நரம்பு செல்லுக்கு வெளியே வைத்த எலக்ட்ரோடில் (சிக்னலை எடுக்கும் கம்பியில்) ஒரு துடிப்புக்குக் கிடைப்பது சுமார் 100 மைக்ரோவோல்ட். சுவர் வயரில் இருப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது 23 லட்சம் மடங்கு. கெட்டிமேளத்துக்கு நடுவே கொலுசுச் சத்தம் தேடுகிற வேலை இது.

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். அடுத்து டியூப்லைட்டை அணையுங்கள். அப்புறமும் உறுமினால் எர்த் வயர்களைப் பாருங்கள். மேசைக்கு ஒன்று, சுற்றி வைத்த உலோக வலைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று ஆளுக்கொரு பிளக் பாயிண்டில் எர்த் கொடுத்திருந்தால் அவை சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். வளையம் என்றால் ஆன்டெனாதான். எல்லாவற்றையும் ஒரே திருகில் கொண்டுவந்து முடித்து, அங்கிருந்து ஒற்றை வயரை எர்த்துக்குக் கொடுங்கள். அதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். அப்படி வெட்டிய பிளக்கை நாங்களே பார்த்திருக்கிறோம்.

வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் அந்த உலோக வலைக்கூடு, அதாவது ஃபாரடே கூண்டு, எங்களிடம் கிடைக்காது. ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கு விற்கிற அலுமினியக் கொசுவலை போதும்; நைலான் வலை உதவாது. பெயின்ட் பூசியிருந்தால் வயர் சேரும் இடத்தில் சுரண்டிவிடுங்கள். சின்னச் சோதனைக்கு ஒரு பிஸ்கட் டின்னே கூண்டு.

எலக்ட்ரோடு கம்பியையும் அப்படி வெளியிலேயே வாங்கிக்கொள்ளலாம். பத்தரிடம் சுத்த வெள்ளியில் மெல்லிய கம்பி இழுத்துத் தரச் சொல்லுங்கள், செம்பு கலக்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அதன் நுனியைத் துணிக்குப் போடும் திரவ ப்ளீச்சில் கால் மணி நேரம் ஊறவிட்டால் கறுத்துப்போகும். அந்தக் கறுப்புதான் சில்வர் குளோரைடு. அது இல்லாத வெறும் உலோகம் உப்புத் தண்ணீரில் நின்றால் திரையில் கோடு மேலும் கீழுமாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், எலக்ட்ரோடு குத்திய கரப்பான் பூச்சிக் காலின் முள்ளை லேசாக ஊதிப் பாருங்கள். எண்ணெயில் கடுகு வெடிப்பது போல் ஸ்பீக்கர் படபடக்கும். இது எங்கள் மூளையில் உதித்ததல்ல. கிரெக் கேஜும் டிம் மர்சுலோவும் 2009-இல் அமெரிக்காவில் தொடங்கிய பேக்யார்டு பிரெய்ன்ஸ் என்ற நிறுவனம் பரப்பிய சோதனை இது. சுற்றுப்படத்தை ஒளிக்காமல் கொடுக்கும் அவர்கள் வழக்கத்தையும் நாங்கள் பின்பற்றுகிறோம்.

எலியின் மூளையில் பல சேனல்களில் பதிவு செய்கிற ஆய்வகங்களுக்கு இந்த கிட் போதாது. பல லட்சம் கொடுத்து உள் வடிவமைப்பை வெளியிடாத கருவி வாங்கும் முன், எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஓப்பன் எஃபிஸ் வடிவமைப்பைப் பாருங்கள். அதில் இருக்கும் இன்டான் சிப் 32 சேனல்களையும் எலியின் தலைக்குப் பக்கத்திலேயே பெருக்கி எண்ணாக மாற்றிவிடுகிறது. அதனால் நீண்ட கேபிளில் உறுமல் ஏற வழியில்லை. அந்தச் சிப்பை வாங்கத்தான் வேண்டும், வீட்டில் செய்ய முடியாது. மிச்சப்படும் பணத்தில் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். 32 சேனல்களிலும் நொடிக்கு 30,000 மாதிரி வீதம் எடுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 7 ஜிபி நிரம்பும்.

மனிதர் மேல் எலக்ட்ரோடு ஒட்டுவதாக இருந்தால் மட்டும் பேச்சு வேறு. சுவர் மின்சாரம் உடலில் பாயும் ஆபத்து இருப்பதால் கிட்டுக்குப் பேட்டரிதான், லேப்டாப்பும் சார்ஜரில் இருக்கக் கூடாது. கிட்டோடு அடாப்டர் தருவீர்களா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில் எப்போதும் இல்லை என்பதே. செலவைக் குறைக்க வேறு நூறு இடம் இருக்கிறது.

இனி எங்கள் தவறு. கோடையில் அனுப்பிய த்ரீடி பிரிண்ட் பெட்டிகளைப் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருந்தோம். அது 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். மே மாத வெயிலில் நின்ற வண்டிக்குள் சில பெட்டிகள் அப்பளம் போல் வளைந்துபோயின. இப்போது இன்னும் சூடு தாங்கும் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டோம். வளைந்த மூடி வைத்திருப்பவர்கள் படம் எடுத்து அனுப்பினால் போதும், புது மூடி இலவசம். பிரிண்டர் இருப்பவர்கள் கோப்பைக் கேட்டு வாங்கி நீங்களே அச்சிட்டுக்கொள்ளலாம்.

பழுதுதான் என்று உறுதியானால், சார்ஜர் இல்லாமல் 10 நொடி பதிவு செய்து முதலில் அதை அனுப்புங்கள். பெட்டியையே அனுப்ப நேர்ந்தால் கரப்பான் காலை எடுத்துவிட்டு அனுப்பவும். போன மாதம் ஒரு பார்சலைத் திறப்பதற்குள் எறும்பு மேசை வரை வந்துவிட்டது.

அன்புடன்,
கடைப் பணியாளர்கள்