கமாண்ட் லைன் கேக்குறத படிச்சுட்டு டைப் பண்ணு பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

நீ அனுப்புன ரெண்டு ஸ்க்ரீன்ஷாட்டையும் பெருசு பண்ணி பாத்தேன். கிளாஸ்ல இருக்குற மெஷின்ல செவ்வகம் ஒழுங்கா வந்துருக்கு, உன் லேப்டாப்ல அதே நம்பர அடிச்சா கோடு குறுக்கால சாய்ஞ்சு போகுது, எனக்கு இந்த ஆட்டோகேட் டிராயிங் சாஃப்ட்வேர் வராதும்மான்னு எழுதிருக்க. உனக்கு வராம இல்லடி, ரெண்டு மெஷின்லயும் ஒரு செட்டிங் வேற வேறயா இருக்கு, அவ்ளோதான்.

நீ லைன் கமாண்ட்ல 0,0ல ஆரம்பிச்சு 100,0 அடிச்ச, அடுத்து 0,60 அடிச்ச. கிளாஸ் மெஷின்ல டைனமிக் இன்புட் ஆன்ல இருக்கு, அது ஆன்ல இருந்தா ரெண்டாவது புள்ளில இருந்து எல்லாத்தையும் கடைசியா வெச்ச புள்ளில இருந்து கணக்கு பண்ணும், அதனால 0,60ன்னா நேரா மேல 60 போயிருச்சு. உன் லேப்டாப்ல அது ஆஃப், அங்க 0,60ன்னா ஒரிஜின்ல இருந்து, அதாவது 0,0ல இருந்து, மேல 60ல இருக்குற புள்ளி, நீ நிக்கிறதோ 100,0ல, அப்ப கோடு சாய்ஞ்சுதான போகும்? எஃப்12 அழுத்துனா அது ஆன் ஆஃப் ஆகும். ஆனா நீ அத நம்பி உக்காராத, @ போட்டு அடிக்கப் பழகு. @100,0 அப்புறம் @0,60 அப்புறம் @-100,0, கடைசில சி அடிச்சா ஆரம்பிச்ச இடத்துலயே மூடிக்கும், இது எந்த மெஷின்லயும் ஒரே மாதிரி வரும். டைனமிக் இன்புட் ஆன்ல இருக்கும்போது ஒரிஜின்ல இருந்தே கணக்கு வேணும்னா முன்னாடி # போடணும். சாய்வுக் கோடுன்னா @50<30, அதாவது 50 நீளம் 30 டிகிரி, வலது கை பக்கம்தான் 0, அங்கருந்து கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா டிகிரி ஏறும்.

இன்னொன்னு சொல்றேன், இதுதான் எனக்கு முக்கியம். நீ கமாண்ட மனப்பாடம் பண்றேன்னு ஒரு பெரிய லிஸ்ட்ட செவுத்துல ஒட்டிருக்கேன்னு சொன்னல்ல, லிஸ்ட் இருக்கட்டும், ஆனா ஸ்க்ரீனுக்கு கீழ கமாண்ட் லைன்னு ஒரு வரி வந்துட்டே இருக்கே அத நீ படிக்கிறதே இல்லன்னு எனக்கு தோணுது. ஒவ்வொரு கமாண்டும் உன்கிட்ட கேள்வி கேக்குது, நீ பதில் சொல்ற. கேள்விய படிக்காம பதில அடிச்சா எப்படி சரியா வரும்? வட்டத்தையே எடுத்துக்கோ. சி என்டர் அடிச்சு சென்டர குடுத்ததும் அது ரேடியஸ் என்னன்னு கேக்கும், பக்கத்துல சதுர பிராக்கெட்டுக்குள்ள டயாமீட்டர்னு இருக்கும், கடைசில < > இதுக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். டிராயிங்ல 20 டயா ஓட்டைன்னு போட்டுருக்கு, நீ பாத்த உடனே 20 அடிச்சா அது ரேடியஸா எடுத்துக்கிட்டு 40 டயாவுக்கு போட்டுரும், ஸ்க்ரீன்ல பாக்க வட்டம் அழகாத்தான் இருக்கும், டைமென்ஷன் போடுற வரைக்கும் தெரியவே தெரியாது. டி என்டர் அடிச்சுட்டு அப்புறம் 20 அடி. சதுர பிராக்கெட்ல இருக்குறது எல்லாம் உனக்கு இருக்குற வேற வழிங்க, அதுல பெரிய எழுத்தா இருக்குறத மட்டும் அடிச்சா போதும், மவுஸால அழுத்துனாலும் எடுத்துக்கும். < > குள்ள இருக்குறது நீ ஒன்னும் சொல்லாம என்டர் தட்டுனா அது எடுத்துக்குற பதில், போன தடவ போட்ட ரேடியஸ்தான் பெரும்பாலும் அங்க நிக்கும், அத பாக்காம என்டர் தட்டிராத.

பெரிய எழுத்து முதல்லயே வரும்னு நெனைக்காத. கோட்ட வெட்டுற டிரிம் கமாண்ட்ல மோட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல ரெண்டாவது எழுத்து ஓ தான் பெருசா இருக்கும். டிரிம் பத்தி நீ குழம்புனதுக்கும் காரணம் இருக்கு, பழைய வீடியோல முதல்ல வெட்டுற கோட்ட செலக்ட் பண்ணி என்டர் தட்டிட்டுதான் வெட்டுவாங்க, 2021 வெர்ஷன்ல இருந்து டிஆர் அடிச்சதும் நேரா வெட்ட வேண்டியத தொட்டா போதும். பழைய மாதிரி வேணும்னா ஓ அடிச்சு ஸ்டாண்டர்ட் வெச்சுக்கலாம், எனக்கு புதுசுதான் புடிச்சுருக்கு.

ஸ்பேஸ் பாரும் என்டரும் ஒன்னுதான், டெக்ஸ்ட் எழுதுற எடத்துல மட்டும்தான் வேற. அதனால இடது கை கீபோர்ட விட்டு நகர வேண்டாம், கட்ட விரல் ஸ்பேஸ் மேலயே இருக்கட்டும், வலது கை மவுஸ்ல. சும்மா இருக்கும்போது ஸ்பேஸ் தட்டுனா கடைசியா போட்ட கமாண்டே திரும்ப வரும். லைன் முடிச்சுட்டு ஸ்பேஸ் தட்டி, முதல் புள்ளி கேக்கும்போது இன்னொரு ஸ்பேஸ் தட்டுனா விட்ட எடத்துல இருந்தே கோடு தொடரும். இதுனாலதான் அடி அங்குலத்துல அடிக்கும்போது 5'6-1/2" ன்னு நடுவுல கோடு போடணும், எடைவெளி விட்டா என்டர்னு நெனச்சுக்கும்.

ஒரு கமாண்ட் ஓடிட்டு இருக்கும்போது இன்னொன்ன டைப் பண்ணுனா அது இவ என்ன சொல்றான்னு முழிக்கும், முதல்ல எஸ்கேப். லைன் போட்டுட்டு இருக்கும்போது ஒரு புள்ளி மாறிப்போச்சுன்னா எஸ்கேப் வேண்டாம், யூ என்டர் அடி, கடைசி துண்டு மட்டும் போகும். கீழ அந்த வரியே காணாம போயிருச்சுன்னா கன்ட்ரோலும் 9ம் அழுத்து, வந்துரும்.

ஐகான அழுத்துறது தப்புன்னு சொல்லல, 1982 டிசம்பர்ல ஆட்டோகேட் வந்தப்போ இப்ப மாதிரி மேல ஐகான் வரிசையா இருக்குற ரிப்பன் எல்லாம் கெடையாது, இப்பவும் நீ லைன் ஐகான அழுத்துனா கீழ அண்டர்ஸ்கோர் போட்டு லைன்னு அதே கமாண்ட்தான் வரும். அந்த அண்டர்ஸ்கோர் எந்த மொழி வெர்ஷன்லயும் அந்த கமாண்ட் புரியணும்கறதுக்காக. ஆனா வேலைக்கு போற எடத்துல கை வேகம் பாப்பாங்க பாப்பா, ஒரு பிளான்ல கோடும், அதே கோட்ட கொஞ்சம் தள்ளி இன்னொன்னு போடுற ஆஃப்செட்டும், டிரிம்மும் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொன்னுக்கும் மேல போய் ஐகான தேடிட்டு வந்தா நேரமும் போகும் கவனமும் போகும்.

எஃப்8 ஆன் பண்ணி கோடு நேரா மட்டும் போற மாதிரி வெச்சுட்டு மவுஸ திசை காட்டி வெறும் 100 அடிக்கிறது இன்னும் வேகம்தான், ஆனா @ கை படிஞ்சதுக்கு அப்புறம் அதுக்கு போ.

இப்ப ஒன்னு பண்ணு. 0,0ல இருந்து 100க்கு 60 பிளேட் ஒன்னு, நடுவுல 50,30ல 20 டயா ஓட்டை, உள்பக்கம் 5 ஆஃப்செட். ஆஃப்செட்டுக்கு ஓ, ஆனா லைன்ல போட்டா நாலு கோடும் தனித்தனியா நகரும், பிஎல்ல, அதாவது பாலிலைன்ல, போட்டா மொத்தமா வரும், ரெண்டையும் போட்டு பாரு. ஐகான தொடவே கூடாது. முடிச்சதும் எஃப்2 அழுத்து, நீ அடிச்சது அது கேட்டது எல்லாம் வரிசையா இருக்கும், அத அப்படியே காப்பி பண்ணி டிராயிங்கோட சேத்து எனக்கு அனுப்பு. எங்க தடுமாறுறன்னு அத படிச்சா எனக்கு தெரிஞ்சுரும், ராத்திரி போன்ல பேசலாம்.

அம்மா