பாம்புப் பெட்டிக்குப் பூட்டு அவசியம்

ஆசிரியருக்கு,

பூனை, முயல் இருக்கும் வீட்டில் பாம்பும் வளர்க்கலாமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். வளர்க்கலாம், ஆனால் ஒரே அறையில் வேண்டாம். நான் வளர்ப்பது விஷமில்லாத கார்ன் ஸ்நேக். அதன் அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

பாம்பு தன் பெட்டியின் மூடியை மூக்கால் ஓயாமல் நெம்பும். தலை நுழைய இடம் கிடைத்தால் உடலும் வெளியே வந்துவிடும். மேலே கனமாக எதையாவது வைத்தால் போதாது. கொக்கியோ பூட்டோ வேண்டும். பாம்புக்காகப் பெட்டியை வெதுவெதுப்பாக வைப்பதால் சூடான மூடிமேல் படுக்கப் பூனைக்கு ரொம்பப் பிடிக்கும், வலை மூடி அதன் எடையில் அமுங்கும்.

பூனையைப் பாம்பு என்ன செய்யுமோ என்றே எல்லோரும் பயப்படுகிறார்கள். என் பாம்பு போன்ற சிறியதற்குப் பூனையின் பல்லும் நகமும்தான் பெரிய ஆபத்து. கடித்த இடம் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முயலைத் தூக்கிய கையைக் கழுவாமல் பாம்பைத் தொடாதீர்கள். வாசனையை வைத்தே இரை என்று நினைத்துக் கடிக்கும். தொட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தைப் பாம்பின் அருகே தெளிக்கவே கூடாது.

பெரிய மலைப்பாம்பு என்றால் கதை வேறு. அது பூனையையே விழுங்கும். பிற பிராணிகள் உள்ள வீட்டில் அதை வளர்ப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி