இரும்பு பொறுக்குபவரைப் பிடிக்கிறீர்கள், சரி. நிலத்துக்கு யார் பொறுப்பு?

போக்குவரத்து அமைச்சுக்கும் புகையிரதத் திணைக்களத்துக்கும் தேசிய மிதிவெடி செயற்பாட்டு நிலையத்துக்கும்,

வணக்கம்.

மூன்று இடத்துக்கும் ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தண்டவாளத் திருட்டு என்று வந்தால் அது பொலிஸ் விஷயம் என்கிறீர்கள், வெடிக்காத எறிகணை என்று வந்தால் விசேட அதிரடிப்படை வரட்டும், நீதிமன்ற அனுமதி கிடைக்கட்டும் என்கிறீர்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மேசை ஒன்று உங்கள் எந்தக் கட்டடத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் வன்னியிலும் பளைப் பக்கத்திலும் இவை இரண்டும் ஒரே உரப்பையில்தான் வருகின்றன. பழைய இரும்பு பொறுக்குகிறவருக்குப் புகையிரதப் பாதையின் ஆணியும் இரும்புதான், வீட்டுக் கூரையில் இருந்து விழுந்த தகரமும் இரும்புதான், பற்றைக்குள் கிடந்த மோட்டார் எறிகணையின் வால்பகுதியும் இரும்புதான். எல்லாம் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம், ஏனென்றால் இந்தத் திருட்டுக் கதை நேற்றுத் தொடங்கியது அல்ல. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, கொழும்பிலிருந்து வடக்குக்கு வந்த ரயில், 1990 ஜூனில் நின்றது. அதற்குப் பிறகு வவுனியாவுக்கு வடக்கே காங்கேசன்துறை வரை இருந்த பாதை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின, தண்டவாளத்தைத் தாங்குகிற சிலிப்பர் கட்டைகள் காவலரண்களுக்குப் போயின, இரண்டு தரப்பும்தான் எடுத்தது, இதில் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. இடம்பெயர்ந்து வந்த சனமும் கட்டையையும் கல்லையும் எடுத்துக் கொட்டில் போட்டிருக்கும். மழைக்குள் நிற்கிறவன் திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு நிற்க மாட்டான்.

போர் முடிந்த பிறகு நடந்ததைத்தான் நான் கேட்கிறேன். 2009க்குப் பின் வன்னியிலிருந்து பழைய இரும்பு லொறி லொறியாகத் தெற்கே போனதைக் கண்ட சனம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த நாட்களில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நிற்காமல் ஏ9 வீதியால் ஒரு வாழைக்குலை கூடத் தாண்டியிருக்காது. பயணப்பையைக் கொட்டிக் கிளறிப் பார்த்த இடத்தில், தொன் கணக்கில் போன இரும்புக்குள் எத்தனை துண்டு தண்டவாளம் என்று யாராவது எழுதி வைத்தார்களா? பழைய தண்டவாளத்தின் இடுப்பில் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் புடைத்து நிற்கும், கண் தெரியாதவன் கூடத் தடவிப் பார்த்துச் சொல்வான். ஆகவே தெரியவில்லை என்று சொல்ல இடமில்லை. போனது திணைக்களத்தின் சொத்து, போன வழியில் நின்றது அரசு. அந்த இரும்புக்கான கணக்கு எங்கே?

இதைப் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. அதே பாதையின் பெரும்பகுதியை இந்தியாவின் கடனுதவியில் இர்கொன் என்ற இந்திய அரச நிறுவனம் திரும்பப் போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது, 2014 மார்ச்சில் பளைக்கு, அந்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு, 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு. வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் அது கடன், நாட்டுச் சனம் எல்லோரும் சேர்ந்து கட்டுகிற கடன். ஒரு பாதை களவு போய் அதற்குப் பதிலாகக் கடன் வாங்கி இன்னொரு பாதை போட்டால், முதல் பாதைக்கு என்ன நடந்தது என்று கேட்பதற்குச் சனத்துக்கு உரிமை இருக்கிறதா இல்லையா?

இன்னொன்றையும் கவனியுங்கள். பாதை போடுவதற்கு முன்னர் அந்தப் பட்டி நிலத்தில் மிதிவெடி அகற்றினீர்கள். அகற்றித்தான் ஆக வேண்டும், தண்டவாளம் போடுகிற தொழிலாளியை மிதிவெடிக்கு மேல் நிறுத்த முடியாது. அதாவது வேண்டும் என்று நினைத்தால் முடிகிறது. பளைக்கு அடுத்த முகமாலையில் 2000 ஆம் ஆண்டிலிருந்து போர் முடியும் காலம் வரை முன்னரங்கு கிடந்த அந்த மண்ணுக்கு நடுவாலேயே இன்று ரயில் ஓடுகிறது. ரயில் பாதை பாதுகாப்பானதாகிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் யன்னலால் பார்த்தால் தெரிகிற தூரத்தில் சிவப்பு மண்டையோட்டுப் பலகையும் குச்சி நட்ட ஒழுங்கைகளும் இருந்தன. அங்கே முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டுகிறவர்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் அவர்களை வைத்து வேலை செய்கிற நிறுவனங்களுக்கும் இந்த மடலில் ஒரு குறையும் இல்லை.

குறை உங்களிடம்தான். இலங்கை 2017 டிசெம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, 2018 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது, அதன்படி 2028 ஜூன் 1க்குள் தெரிந்த மிதிவெடி வயல்கள் எல்லாவற்றையும் துப்புரவாக்க வேண்டும். நல்லது. ஆனால் அந்த உடன்படிக்கை ஆட்களைக் கொல்லும் மிதிவெடிகளைப் பற்றியது. இரும்பு பொறுக்கப் போகிறவரின் கையில் அகப்படுவது அநேகமாக மிதிவெடி அல்ல, அது மோட்டார், ஆட்டிலறி எறிகணை, கைக்குண்டு, தோளில் வைத்து ஏவுகிற ஆர்பிஜி குண்டு. எறிகணை விழுந்த இடத்துக்கு வரைபடம் கிடையாது, மிதிவெடிபோல யாரும் வரிசையாக வைத்துவிட்டுப் போகவில்லை. மெதுமண்ணில் விழுந்தது ஆழமாகப் புதைந்து கிடக்கும், மேலே கருவி வைத்துத் தேடிய ஆழத்துக்குக் கீழே. கிணறு வெட்டும்போது வரும், மாரி மழை அரித்தால் வரும், டோசர் போட்டால் வரும். ஆகவே 2028 இல் நீங்கள் விழா எடுத்து, வேலை முடிந்தது என்று ஒரு சான்றிதழை உயர்த்திக் காட்டினால், அது மிதிவெடிக்கு மட்டும்தான் என்பதைச் சனத்துக்கு இப்போதே சொல்லுங்கள். அதற்குப் பிறகு என் காணியில் எறிகணை கிளம்பினால் யாரைக் கூப்பிடுவது, அவர்களுடைய சம்பளம் எந்த வரவு செலவுத் திட்டத்தில் வருகிறது என்பதையும் சொல்லுங்கள். இதுவரை அகற்றியதற்குப் பெரும்பாலும் அமெரிக்காவும் ஜப்பானும் பிரித்தானியாவும் நோர்வேயும்தான் காசு கொடுத்தன. வெளிநாட்டு உதவி எவ்வளவு சடுதியாக நிற்கும் என்பதை 2025 இன் தொடக்கத்தில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியபோது உலகமே பார்த்தது.

இனி அந்தப் பொறுக்குகிற ஆளிடம் வருவோம். வெடித்தால் செய்தியில் ஒரு வரி வரும், பழைய இரும்பு என நினைத்து வெட்டியபோது என்று. அந்த வரியில் தவறு அவருடையதாகவே முடிகிறது. ஆட்டிலறி எறிகணையைச் சுற்றிப் பெரும்பாலும் ஒரு செப்பு வளையம் இருக்கும், செம்புக்கு இரும்பைவிட நல்ல விலை, அதற்காகத்தான் வாளால் அறுக்கிறார்கள், சுத்தியலால் அடிக்கிறார்கள். ஏவப்பட்டு வெடிக்காமல் விழுந்ததுதான் மிக மோசம், ஏனென்றால் அதை வெடிக்க வைக்கிற உருகி ஏற்கனவே தயார் நிலைக்கு வந்திருக்கும், உள்ளே இருக்கிற மருந்து பல பத்தாண்டுகள் கழிந்தாலும் கெட்டுப்போகாது. இது அவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள், நிறையப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் அறுக்கிறார்கள். பாடசாலையில் விழிப்புணர்வுப் படம் ஒட்டினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் வீட்டில் அரிசி இல்லாமல் இருப்பது என்னவென்று தெரியாது.

சரி, அவர் அறுக்காமல் அறிவிக்க நினைக்கிறார் என்றே வையுங்கள். விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம் போக வேண்டும், அல்லது பொலிஸுக்கு. பொலிஸ் வந்து பெயர், விலாசம், எப்படிக் கண்டாய், யாரோடு போனாய், முந்தி எங்கே இருந்தாய் என்று கேட்கும். வடக்கில் வெடிபொருளோடு சேர்த்து ஒருவருடைய பெயர் எழுதப்படுவது என்றால் என்ன என்று உங்களுக்கு விளங்காமல் இருக்க முடியாது, 1979 இல் தற்காலிகமாக என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வளர்ந்த சனம் இது. அதுவும் ஒரு முன்னாள் போராளி என்றால் அவர் வாயே திறக்க மாட்டார். அப்புறம் நீதிமன்ற அனுமதி, அப்புறம் அதிரடிப்படை, அதுவரை அந்தப் பொருள் சில நாட்கள் ஒரு நாடாவுக்குள் கிடக்கும், பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். பேசாமல் வேலியோரம் எறிந்துவிட்டுப் போவதுதான் புத்தி என்று சனம் நினைத்தால், அந்தப் புத்தியை யார் கற்றுக்கொடுத்தது?

திருட்டிலும் இதே கதை. புதுப்பாதையில் தண்டவாளத்தைப் பிடித்து வைக்கிற கிளிப்பைக் கழற்றுகிறவனையும் சமிக்ஞைக் கேபிளை வெட்டுகிறவனையும் நான் காப்பாற்ற வரவில்லை, தண்டவாளம் அகன்றால் ரயில் கவிழும், அதற்குள் எங்கள் ஆட்கள்தான் இருக்கிறார்கள். 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துக் குற்றச் சட்டம் கடுமையானது, பிணை இலேசில் கிடைக்காது, அதைப் பாவியுங்கள். ஆனால் கிளிப்பை வீட்டில் வைத்து ஒருவனும் அழகு பார்ப்பதில்லை. அதை வாங்க ஒரு ஆள் இருக்கிறார், அவரிடம் தராசு இருக்கிறது, லொறி இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார். கிளிப்பைக் கையில் எடுத்தவுடனேயே அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும், அதற்கு வேறு எங்கும் உபயோகமில்லை. அவருடைய வளவுக்குள் எறிகணையும் வருகிறது. அந்த ஒரு படலையைப் பார்த்தால் இரண்டு பிரச்சினையும் பாதி தெரியும், நீங்கள் பற்றைக்குள் பெடியனைத் துரத்திக்கொண்டு நிற்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பழைய இரும்பு வாங்குகிற ஒவ்வொரு இடமும் யாரிடம் எதை வாங்கியது என்று புத்தகம் வைக்கட்டும், புகையிரத இரும்பு அங்கே அகப்பட்டால் முதல் வழக்கு வாங்கினவர் மேல் போகட்டும். அந்த இடங்களுக்கு வெடிபொருள் தெரிந்த ஒருவர் ஒழுங்காகப் போய்ப் பார்க்கட்டும், தண்டிக்க அல்ல, பொறுக்கி எடுக்க. வெடிபொருளைக் கண்டு சொல்கிறவரின் பெயரைக் கேட்காத ஒரு தொலைபேசி இலக்கம், தமிழில் பதில் சொல்கிற ஆளோடு. நீதிமன்ற அனுமதியை அன்றைக்கே எடுக்கிற ஒரு ஒழுங்கு. கைகால் இழந்தவருக்கு நட்டஈடு கொடுக்கும்போது, நீ ஏன் அங்கே போனாய் என்ற கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அவர் போனது துப்புரவாக்கப்படாத உங்கள் நிலத்துக்கு.

புகையிரதத் திணைக்களத்திடம் தனியாக ஒன்று: 1990க்குப் பின் வடக்குப் பாதையில் காணாமல் போனவை என்று உங்களிடம் ஏதாவது பட்டியல் இருந்தால் அதை வெளியிடுங்கள், இல்லையென்றால் அப்படி ஒன்று இல்லை என்று எழுத்தில் தாருங்கள். தகவல் அறியும் சட்டம் 2016 இல் வந்துவிட்டது, நான் விண்ணப்பம் போடத்தான் போகிறேன், அதற்கு முன் நீங்களாகவே சொன்னால் இரண்டு பேருக்கும் முத்திரைச் செலவு மிச்சம்.

பளைப் பக்கத்துப் பயணி ஒருவன்