கார்த்தி ராஃப்டிங் போவதற்கு முன்

ஆர்.கே. புரம், புது டெல்லி
செப்டம்பர் 14

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நடுவில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் பதில் போட முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள், கண்ணாடி இல்லாமலே பேப்பர் தலைப்பெல்லாம் படிக்கிறாள். நேற்று மலை மந்திர் போயிருந்தேன், உன் பேருக்கும் ஓர் அர்ச்சனை செய்தேன்.

சரி, கார்த்தி விஷயம். ஆபீஸ் நண்பர்களோடு அக்டோபரில் ரிஷிகேஷ் போய், கங்கையில் ரப்பர் படகில் துடுப்புப் போட்டுப் போகிற ராஃப்டிங் செய்யப் போகிறானாம், விடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக விடு. ஆனால் போன மார்ச்சில் எங்களுக்கு நடந்ததை அவனிடம் சொல்லிவிட்டு விடு.

என் தங்கை மகள் நித்யா மதுரையிலிருந்து வந்திருந்தாள் இல்லையா, அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். சிவபுரியில் ஏறி ரிஷிகேஷில் இறங்குகிற 16 கிலோமீட்டர் பயணம். கரையில் எங்கள் கைடு இரண்டே நிமிடம் பேசினான், அதுவும் வேகமான இந்தியில். வீடியோ எடுக்கத் தனிக் காசு வசூலிப்பதில்தான் அவன் கவனமெல்லாம் இருந்தது. நித்யாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. எல்லாரும் தலையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள். நான் பக்கத்தில் நின்றும் தமிழில் சொல்லவில்லை. அவள் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டில் ஒரு கொக்கி உடைந்து, அந்த இடத்தில் நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

ரோலர் கோஸ்டர் என்று ஒரு ரேப்பிட், அதாவது ஆறு வேகமெடுத்துக் கொந்தளிக்கிற இடம், வரும். அலை ஒன்றன்பின் ஒன்றாக ராஃப்டைத் தூக்கிப் போடும். மூன்றாவது அலையில் அவள் வெளியே போய்விட்டாள். ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மூடிக்கொண்டது, உள்ளே அவள் தலை எங்கே என்று தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி ஆழம் குறைந்த இடத்தில் அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். கைடு இந்தியில் கத்துகிறான், அவளுக்கு விளங்கவில்லை. "காலைத் தூக்குடி! மல்லாக்கப் படு!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அது அவள் காதில் விழுந்தது. கால் மேலே வந்தது. வேறொரு ராஃப்டோடு கயாக் என்ற குட்டிப் படகில் வந்த பையன் அவளைக் கரைசேர்த்தான். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் பனி உருகி வரும் தண்ணீர், வெயிலில் உட்கார்ந்தும் அரைமணி நேரம் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

ஏன் நிற்கக் கூடாது என்று அன்று சாயங்காலம் ஒரு வயதான கைடு எனக்கு விளக்கினார். அடியில் உருண்டைப் பாறைகள், நடுவே சந்து. நிற்பவன் கால் அந்தச் சந்தில் மாட்டினால் பின்னாலிருந்து வரும் நீரோட்டம் உடம்பை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். இடுப்பளவுத் தண்ணீரிலேயே மூழ்கிப்போவார்கள். அதனால் மல்லாந்து, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரியும்படி, ஓட்டம் போகிற திசையில் காலை நீட்டிக்கொண்டு மிதக்க வேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்துத் தள்ளிக்கொள்ளலாம். ஓட்டம் தணிந்த பிறகு கரைக்கு நீந்தலாம். கயிறு வீசினால் கயிற்றைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு மல்லாந்தே இருக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. ராஃப்ட் கவிழ்ந்து அடியில் மாட்டிக்கொண்டால், கையால் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே ஒரே பக்கமாக நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஹாஸ்டலிலிருந்து ஒகேனக்கல் போனது? ஜாக்கெட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது. பரிசல்காரர் "குனிங்க", "அந்தப் பக்கம் சாயாதீங்க" என்பார், சொல்லி முடிப்பதற்குள் செய்துவிடுவோம். நம் பேச்சில் சொன்னதால் யோசிக்கவே தேவையில்லை. கார்த்திக்கும் இந்தி அரைகுறைதானே? கைடு சொல்வது புரியவில்லை என்றால் கையைத் தூக்கி, இங்கிலீஷில் மறுபடி சொல்லச் சொல்லட்டும். ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், ஹை சைட் என்ற நாலைந்து கட்டளைதான். ஹை சைட் என்றால் ராஃப்டின் எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கம் எல்லாரும் பாய வேண்டும், இல்லையென்றால் கவிழ்ந்துவிடும்.

ஜாக்கெட்டைப் போட்டதும் நண்பன் ஒருவனைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லட்டும். காதுவரை ஏறினால் அது தளர்வு, இன்னும் இறுக்க வேண்டும். இறுக்கியும் ஏறினால் வேறு ஜாக்கெட். கொக்கி உடைந்தது வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் ஆடக் கூடாது. துடுப்பின் மேல்முனையில் இருக்கும் குறுக்குக் கட்டையிலிருந்து கையை எடுக்கவே கூடாது, பக்கத்தில் இருப்பவன் பல் போய்விடும்.

இன்னொன்று எனக்குக் கவலை. டெல்லியிலிருந்து ரிஷிகேஷ் சுமார் 240 கிலோமீட்டர். இந்தப் பிள்ளைகள் வெள்ளி ராத்திரி ஆபீஸ் முடித்துக் கிளம்பி, தூங்காமல் வண்டி ஓட்டி, காலை எட்டு மணிக்கு ஆற்றில் இறங்குகிறார்கள். சிலர் குடித்துவிட்டும். ஒரு நாள் தங்கித் தூங்கிவிட்டு இறங்கினால் என்ன? மழைக்கு மூடி, செப்டம்பரில்தான் ராஃப்டிங்கைத் திறப்பார்கள். அப்போது ஆற்றில் தண்ணீர் கூடுதலாகவே இருக்கும். முதல் தடவை போகிறவனுக்குப் பிரம்மபுரியிலிருந்து வரும் குட்டிப் பயணம் போதும். கௌடியாலாவிலிருந்து கிளம்பும் நீளப் பயணத்தில் 'வால்' என்று நான்காம் தர, அதாவது ரொம்பக் கடினமான ரேப்பிட் வருகிறது, அதை இப்போதைக்கு நினைக்க வேண்டாம். நடுவில் நிறுத்திப் பாறையிலிருந்து குதிக்கச் சொல்வார்கள். எல்லாரும் குதித்தாலும் இவன் குதிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்.

நித்யா இப்போது நீச்சல் கற்றுக்கொண்டிருக்கிறாள், தெரியுமா? அடுத்த மார்ச்சில் மறுபடி கங்கைக்கு வருவேன் என்கிறாள். நானும் போவேன். இந்த முறை கரையில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் அவளுக்குத் தமிழில் சொல்வேன்.

கார்த்தி கிளம்புவதற்கு முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல். வத்தக்குழம்பு வைக்கிறேன். நீ அனுப்புவதாகச் சொன்ன மணத்தக்காளி வத்தலை அவன் கையில் கொடுத்தனுப்பு.

உன்,
ராஜி