விலகவில்லை, விலக்கப்பட்டது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒலிம்பிக் போட்டிகளின் வரலாறு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆலிவ் இலைக் கிரீடம், ஐந்து வளையம், அணிவகுப்பில் கிரீஸ் முதலில் வருவது, 1936இல் பெர்லினில் ஆரம்பித்த தீப்பந்த ஓட்டம் என்று நிறைய விஷயம் இருந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: “1964 முதல் 1988 வரை தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளவில்லை.” அவ்வளவுதான். அடுத்த வரியிலேயே கட்டுரை மாஸ்கோவுக்குப் போய்விட்டது.

என் பேத்திக்கு வயது பதினொன்று. தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கட்டுரையை வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த வரி வந்ததும், “ஏன் தாத்தா போகல, காசு இல்லையா?” என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஐயா, நீங்கள் அறியாதது இல்லை. 1960இல் ரோம் ஒலிம்பிக்குக்குப் போன எங்கள் தென்னாப்பிரிக்க அணியில் அத்தனை பேரும் வெள்ளையர். டர்பனில் பிறந்த பிரெஷஸ் மெக்கென்சி என்ற பளுதூக்கும் வீரர் அப்போது இந்த நாட்டில் தன் எடைப்பிரிவில் முதல் ஆள். அவரை அனுப்பவில்லை, நிறம் சரியில்லை என்று. அவர் 1964இல் பிரிட்டனுக்குப் போய்விட்டார். இங்கிலாந்துக்காக 1966, 1970, 1974 மூன்று காமன்வெல்த் போட்டிகளிலும் தங்கம் வாங்கினார். பிரிட்டன் அணியில் மூன்று ஒலிம்பிக்குக்கும் போனார். பிறந்த ஊருக்கு அதில் ஒரு பதக்கம்கூட இல்லை.

இந்த அநியாயத்தை ஒலிம்பிக் கமிட்டி தானாகக் கண்டுபிடித்துத் தடை போடவில்லை. போட வைத்தார்கள். டென்னிஸ் புரூட்டஸ் என்ற ஆசிரியர், கவிஞரும்கூட, இதற்காகவே சான்ராக் என்ற, நிறபேதமில்லாத ஒலிம்பிக் அணி கேட்டுப் போராடிய அமைப்பில் வேலை செய்தார். 1963இல் ஜோஹன்னஸ்பர்க் தெருவில் போலீஸ் அவரைச் சுட்டது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தென்னாப்பிரிக்காவின் அழைப்பு ரத்தான செய்தி வந்தபோது அவர் ராபன் தீவுச் சிறையில் கல் உடைத்துக்கொண்டிருந்தார். 1968இல் மெக்சிகோவுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். ஆப்பிரிக்க நாடுகள் நாங்கள் வரமாட்டோம் என்று நின்றதும் அந்த அழைப்பும் போனது. 1970இல் ஒலிம்பிக் அமைப்பிலிருந்தே வெளியேற்றினார்கள். இத்தனையையும் “கலந்துகொள்ளவில்லை” என்று ஒரே சொல்லில் எழுதினால், வர மனமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தோம் என்றுதானே படிப்பவர் நினைப்பார்?

என் கதையையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 1956இல் பிறந்தவன். டர்பனின் கேட்டோ மேனரில் தாத்தா கட்டிய தகர வீட்டிலிருந்து அரசாங்கம் நிறத்தைக் காட்டி எங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது எனக்கு எட்டு வயது. இங்கே பள்ளிக்கூடம் வந்தது, மைதானம் வரவில்லை. மேடும் பள்ளமுமான சாலையில் வெறுங்காலோடு ஓடிப் பழகினோம். கணக்கு வாத்தியார் ஒருவர் கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பார். 1974இல் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் 800 மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் ஓடினேன். அன்று மாலை வாத்தியார் தன் கடிகாரத்தைக் கழற்றி, என் அப்பாவிடம் இரண்டு தடவை காட்டினார்.

அடுத்த மாதம் வெள்ளைக்காரக் கிளப் ஒன்றிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அரசாங்கம் அப்போது ‘பல தேச’ விளையாட்டு என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. இந்தியர் ஒரு தேசமாம், ஜூலுக்காரர் ஒரு தேசமாம், வெள்ளையர் ஒரு தேசமாம். பெரிய போட்டி அன்று மட்டும் சேர்ந்து ஓடலாம். மறுநாள் அவரவர் பேட்டைக்கு, அவரவர் பஸ்ஸில். ஆணி வைத்த ஷூ ஒரு ஜோடி தருவதாகச் சொன்னார். நான் அதுவரை அப்படி ஒன்றைக் கையில் தொட்டதில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார்தான், “நீ ஓடினா, உன் படத்தைக் காட்டி எல்லாம் சரியாயிடுச்சுன்னு உலகத்துக்குச் சொல்லுவான்” என்றார். இயல்பில்லாத சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இல்லை என்று சாக்கோஸ்காரர்கள், அதாவது நிறபேதமில்லா விளையாட்டுக்காக நின்ற சங்கத்தார், சொல்லிவந்த காலம் அது. நான் போகவில்லை. ஒலிம்பிக் வரைக்கும் போயிருப்பேன் என்று சொல்லவரவில்லை, என்னைவிட வேகமாக ஓடியவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர். ஆனால் “போகவில்லை” என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு விலை உண்டு. அதை இவ்வளவு மலிவாகப் போட்டுவிட்டீர்களே என்றுதான் வருத்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றால் உங்கள் இதழில் மூன்றே விஷயம்தான் வருகிறது: காந்தி, தில்லையாடி வள்ளியம்மை, தைப்பூசக் காவடி. மூன்றும் எங்களுக்குப் பெருமைதான். நானும் காவடி எடுத்தவன். ஆனால் வள்ளியம்மை இறந்தது 1914இல். அதற்குப் பிறகும் இங்கே வாழ்ந்தோம் ஐயா. டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி, பள்ளி ஆசிரியராக இருந்தவர், லண்டனுக்குப் போய் 1976இலிருந்து சான்ராக்கை நடத்தினார். நியூசிலாந்து ரக்பி அணி இங்கே வந்து ஆடியதற்காக அதே ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கை இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணித்தன. 1991இல் தென்னாப்பிரிக்காவின் புதிய ஒலிம்பிக் கமிட்டிக்கு ராம்சாமியே தலைவரானார். 1992இல் அணியைப் பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு அழைத்துப் போனவரும் அவர்தான். கட்டுரையில் அந்தப் பெயரே இல்லை. இரண்டு வருடம் முன்பு இதையெல்லாம் நான்கு பக்கம் எழுதி உங்களுக்கு அனுப்பினேன், பதிலே வரவில்லை. இங்குள்ள சங்கங்களும் அப்படித்தான். தீபாவளி மேடையில் கடை வைத்திருப்பவருக்குப் பொன்னாடை போடுவார்கள். ஓட மறுத்தவன், கிரிக்கெட் ஆட மறுத்தவன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டுவான்.

பார்சிலோனா படத்தைப் போட்டிருந்தீர்கள், நன்றி. 10,000 மீட்டரில் எத்தியோப்பியாவின் டெராட்டு துலு தங்கம், எங்கள் எலனா மேயர் வெள்ளி. கறுப்புப் பெண்ணும் வெள்ளைப் பெண்ணும் கையைக் கோத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிய அந்தக் காட்சியை நான் டிவியில் நின்றுகொண்டே பார்த்தேன். படத்துக்குக் கீழே “விளையாட்டு வளர்க்கும் நட்பு” என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சுற்றுக்கு முன்னால் முப்பத்திரண்டு வருடம் இருந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள். “கலந்துகொள்ளவில்லை” என்பதற்குப் பதில் “நிறவெறியால் தடை செய்யப்பட்டிருந்தது” என்று போட்டால் போதும். இடம் இருந்தால் ராம்சாமியின் பெயரையும் சேருங்கள். ராமசுவாமி என்று மாற்றிவிட வேண்டாம், எங்கள் ஊரில் ராம்சாமிதான். அந்த இதழில் இரண்டு பிரதி அனுப்பிவையுங்கள், தபால் செலவை நான் தருகிறேன். ஒன்று பேத்திக்கு. இன்னொன்றை வாத்தியாரின் மகனிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்