ஜொக்கி இன்றைய ஆள், குதிரை மட்டும் பழசு

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு வாரமலரில் வந்த நுவரெலியா குதிரைப் பந்தயத்திடல் நீர்வர்ண ஓவியத்தைப் பார்த்து, இங்கே சித்திரம் பயிலும் பிள்ளைகள் வரையத் தொடங்கிவிட்டார்கள். மலைப்பக்கத்துப் பனிமூட்டம் அருமை. கால்கள்தான் பிழை.

முன்னங்கால்கள் முன்னேயும் பின்னங்கால்கள் பின்னேயும் நீட்டியபடி குதிரை அந்தரத்தில் பறக்கிறது. பாய்ந்தோடும் குதிரை அப்படிப் பறப்பதில்லை. பின்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றும், பிறகு முன்னங்கால்கள். கடைசி முன்னங்குளம்பு தரையை விட்ட பிறகே உடம்பு அந்தரத்தில் நிற்கும்; அப்போது நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும். 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கமராக்களை வைத்து எடுத்த படங்களில் இது தெளிவாகிவிட்டது. நுவரெலியாத் திடல் தொடங்கிய 1875இல் வரைந்திருந்தால் குறை சொல்ல மாட்டோம். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவே 1821இல் இங்கிலாந்தின் எப்சம் பந்தயத்தை அப்படித்தான் தீட்டினார். ஆனால் இந்த ஓவியத்து ஜொக்கி குட்டை அங்கவடியில் முதுகு வளைத்துக் குந்தியிருக்கிறார். அந்த இருப்பு 1890களின் கடைசியில்தான் பரவியது!

பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பனிமூட்டத்தை ஈரத்தாளில்தான் எடுக்க வேண்டும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் தூரிகையைத் தோய்த்து எடுப்பதற்குள் தாள் காய்ந்து, வர்ணம் விளிம்பு கட்டிவிடும். விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடித்த பருத்தித் தாளை இரு பக்கமும் நனைத்து வழுவழுப்பான பலகையில் படியவிடுங்கள். அடி ஈரம் மேற்பக்கத்தைக் காயவிடாது. தண்ணீர் மினுங்கும்போது வர்ணம் வைத்தால் ஓடிப்போகும்; மினுக்கம் அடங்கி, புறங்கைக்குக் குளிர்ச்சி தெரியும்போது வையுங்கள். பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர்த் தூரிகை பட்டால் கோலிபிளவர் போலக் கறை படரும்.

செம்பழுப்புக் குதிரைக்கு பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வர்ணம், நிழலுக்கு அதோடு அல்ட்ராமரீன் நீலம். டியூப் கறுப்பு வேண்டாம், குதிரை கரிச்சட்டி ஆகிவிடும். குளம்புகளைக் கூர்மையாக முடிக்காமல் ஈரத்தோடு புல்லில் கரையவிடுங்கள். வெள்ளை வேலிக்கு, வர்ணம் படாமல் தாளை மறைக்கும் மாஸ்கிங் புளூயிட் திரவத்தைப் பூசினால், வர்ணம் நன்றாகக் காய்ந்ததும் அன்றே உரித்துவிடுங்கள். இந்த வெக்கையில் நாட்கணக்கில் விட்டால் தாளையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

குதிரைப் பாய்ச்சலின் கால் நிலைகளை வரிசையாகக் காட்டும் கோட்டுப்படம் ஒன்றை அடுத்த வாரமலரில் தாங்கள் வெளியிட்டால், பிள்ளைகள் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

சித்திர ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை