டேப் மெஷினை பங்கார்ல (பழைய சாமான் கடையில) போடாதீங்க, ரிப்பேர் பண்ணுங்க: நம்ம சபா கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டி பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம சபா கச்சேரிங்க பதிவான பழைய ஸ்பூல் டேப்ல ஒண்ணை வெளியாள் ஒருத்தர்கிட்ட குடுத்து டிஜிட்டல் பண்ணிட்டீங்க, நம்ம பழைய டேப் மெஷினை ரிப்பேர் பண்ண ஃபண்ட் இல்லைன்னுட்டீங்க. போன வாரம் க்ரூப்ல போட்டீங்களே அந்த டேப்போட ஆடியோ, அதை கேட்டதுலேர்ந்து மனசு ஆறல.

அந்த கச்சேரில அந்த அம்மா பாடின சுருதி 5 கட்டை. பழைய மெம்பர்ஸ் பல பேர் நேர்ல உக்காந்து கேட்டவங்க. நீங்க வெளில குடுத்து டிஜிட்டல் பண்ணிட்டு வந்ததுல சுருதி இறங்கி 3 கட்டைல, யாரோ மாதிரி பாடறாங்க, தனி ஆவர்த்தனம் தூங்கி வழியுது. டிஜிட்டல் பண்ணவர் வச்சிருக்கறது அமெரிக்கா மெஷின், செகண்டுக்கு 60 சைக்கிள் கரண்டுக்கு செஞ்சது, நம்ம ஊர்ல 50. கரண்ட் சைக்கிளை பிடிச்சு சுத்தற மோட்டார், ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சு வோல்டேஜை குறைச்சா மட்டும் போதாது, டேப்பை இழுக்கற கேப்ஸ்டன் தண்டோட புல்லியும் மாத்தணும். மாத்தல, அதான் டேப் மெதுவா ஓடி சுருதி இறங்கிடுச்சு. கம்ப்யூட்டர்ல ஸ்பீடை ஏத்திக்கலாம்னு செக்ரட்டரி சார் பதில் போட்டார். ஏத்தலாம் சார், சுருதியும் ஏறும். ஆனா பிஞ்ச் ரோலர், அதான் டேப்பை அழுத்தி பிடிக்கற ரப்பர் உருளை, வழுக்கி வழுக்கி ஓடினதுல தம்புராவே ஆடுது, ஹெட்ஃபோன் வச்சு கேளுங்க, ஒரு இடத்துல கூட ஸட்ஜம் நிக்கல. அதை அவ்வளவு லேசுல சரி பண்ண முடியாது.

இத்தனைக்கும் அந்த டேப் பதிவான நம்ம மெஷினே ஸ்டோர் ரூம்ல இருக்கு. டேப்பை படிக்கற ஹெட்டோட கோணம் பதிவானப்போ இருந்ததுலேர்ந்து துளி மாறினாலும் கஞ்சிரா சலங்கை மங்கிடும், அதனாலதான் முதல்ல அதை ரிப்பேர் பண்ணுங்கன்னு கேக்கறேன். மூடியை திறந்து பாத்தேன், ஹெட் தேயல. பெல்ட் உருகி தார் மாதிரி புல்லில அப்பியிருக்கு, பிஞ்ச் ரோலர் ரப்பர் கெட்டியாயிடுச்சு, பவர் சப்ளைல கண்டன்சர் உப்பியிருக்கு, அவ்வளவுதான். கண்டன்சர் லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல கிடைக்கும், ரோலருக்கு புது ரப்பர் போட்டு லேத்ல கடைஞ்சுக்கலாம், பெல்ட்டை அளவு சொல்லி வரவழைக்கலாம்.

இதுக்கு ஃபண்ட் இல்லைங்கறீங்க. வாசல்ல எல்இடி போர்டுக்கு இருந்தது, மேடை பேக்டிராப்பை வருஷா வருஷம் மாத்த இருந்தது. ஊரை விட்டு பம்பாய் வந்து சால்ல, அதான் ஒத்தை ரூம் வரிசை வீடுங்கள்ல, குடியிருந்தவங்க, மாசாமாசம் சம்பளத்துல எடுத்து வச்ச காசுல வளர்ந்த சபா இது, அவங்க கேட்ட கச்சேரிக்கு ஒரு பெல்ட் வாங்க காசில்லையா? பழசுன்னாலே குப்பைன்னு ஆயிடுச்சு.

இன்னொண்ணு, மிச்ச ஸ்பூலை தயவு செஞ்சு அந்த டிஜிட்டல் பண்ணவர்கிட்ட அனுப்பாதீங்க. மும்பை ஈரத்துல சிலது பிசுபிசுன்னு ஆயிருக்கு, அப்படியே ஓட்டினா பூச்சு உரிஞ்சு ஹெட்ல பிரவுன் பொடியா ஒட்டும். உரியறது பாட்டு. திரும்ப வராது.

அடுத்த மீட்டிங்ல மெஷின் ரிப்பேரை எடுங்க, வேற ஒண்ணும் கேக்கல. மெக்கானிக்கை கூட்டிட்டு வந்து பக்கத்துல நின்னு பாத்துக்கறது என் பொறுப்பு. அதுவரைக்கும் பங்கார்வாலாவை ஸ்டோர் ரூம் பக்கம் விடாதீங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
உங்க பழைய மெம்பர் ஒருத்தன்